நன்றி சொல்லி அனுப்பப்பட்டவர்கள்

கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை விட்ட மறுநாள் செங்கல்பட்டிலிருந்து கிளம்பிவிட்டேன். கலிபோர்னியாவில் பிளசன்டன் என்ற ஊரில் என் தங்கை மல்லிகா இருக்கிறாள். மருந்து கம்பெனி ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அவள் கணவர் ரவி, இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பிப் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையாக டெக்ஸாஸில் ஆலன் என்ற ஊரில் தங்கியிருந்தார். வீட்டில் மல்லியும் பதின்மூன்று வயது திவ்யாவும்தான். “ஆறு வாரம் வந்து இரு அக்கா. வீட்டுல தமிழ்ல பேச ஒரு ஆள் வேணும்” என்று போனில் கூப்பிட்டாள். திவ்யாவிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும்.

இருபத்திரண்டு வருஷமாக நான் கிரிமினல் வக்கீல். எப்போதும் எதிரி தரப்புக்குத்தான், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு. அமெரிக்காவில் இருக்கும் வரை கோர்ட் வாசல் பக்கம் தலைவைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். வந்த நாலாம் நாள் கோர்ட் தபாலில் வந்தது.

“ஜூரி டியூட்டிக்கு வரச் சொல்லியிருக்காங்க” என்றாள் மல்லி, கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியபடி. குடியுரிமை வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஓட்டுப் போட்டிருக்கிறாள். வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களில் ஒருத்தியாக உட்கார இப்போதுதான் முதல் அழைப்பு. முகத்தில் கொஞ்சம் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் புளியோதரைத் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது இந்தச் செய்தி பரவியது. தப்பிக்கும் வழிகள் நாலு பக்கத்திலிருந்தும் வந்தன.

“இங்கிலீஷ் சரியா புரியாதுன்னு சொல்லிடுங்க மல்லிகா” என்றார் சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜராக இருப்பவர்.

“அதெல்லாம் வேணாம். திருடன் எல்லாரையும் தூக்குல போடணும்னு சொல்லு. உடனே தேங்க்ஸ் சொல்லி அனுப்பிடுவாங்க” என்றார், எல்லோரும் ஆன்ட்டி என்று கூப்பிடும் ஓர் அம்மாள். இரண்டு தடவை இப்படித் தப்பித்திருக்கிறாராம்.

மல்லி காரில் ஏறியதும், “நான் நிஜத்தையே சொல்லப் போறேன்” என்றாள்.

ரயிலில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்தது கோர்ட். அந்த ஊரின் பெயரையும் வழக்கில் வந்தவர்களின் பெயர்களையும் எழுதப் போவதில்லை. தொழில் பழக்கம். புதன்கிழமை காலை அவளோடு நானும் போனேன். வாசலில் பையை எக்ஸ்ரே இயந்திரத்தில் விட்டார்கள். என் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் திரையில் கறுப்பாகத் தெரிய, காவலர் திறக்கச் சொன்னார். எலுமிச்சை சாதம். “இவ்வளவு மஞ்சளாக இருக்கிறதே, இது சாப்பாடுதானா?” என்று கேட்டார். ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினேன். சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

ஜூரிகள் காத்திருக்கும் கூடம் எங்கள் ஊர் ரயில்வே வெயிட்டிங் ரூம் மாதிரி இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. இருநூறு பேர் இருப்பார்கள். ஒருவர் ஸ்வெட்டர் பின்னினார். இருவர் ஆயிரம் துண்டுகளை அடுக்கிப் படம் செய்யும் விளையாட்டில் மூழ்கியிருந்தார்கள். பதினொரு மணிக்கு அறுபது பேரின் பெயரைப் படித்தார்கள். அதில் மல்லியும் இருந்தாள்.

கோர்ட் ஹாலின் பின்வரிசையில் எனக்கு ஓர் ஓரத்தில் இடம் கிடைத்தது. முதல் ஐந்து நிமிஷம் எதிரி யார் என்று தேடினேன். கூண்டு இல்லை. வக்கீல் மேஜையில் பழுப்பு நிறக் கோட்டுப் போட்ட நரைத்த வக்கீல், பக்கத்தில் நீலச் சட்டையும் டையுமாக ஒரு கறுப்பு இளைஞர், மஞ்சள் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஜூனியர் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர்தான் எதிரி. வயது இருபத்தாறு.

சின்ன மளிகைக் கடை ஒன்றில் கல்லாப் பணத்தைப் பிடுங்கி, கடைக்காரரைப் பாட்டிலால் தலையில் அடித்ததாக வழக்கு. கடைக்காரர் பஞ்சாபிக்காரர் என்று நீதிபதி சொன்னபோது மல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் நானும்.

எங்கள் செங்கல்பட்டு கோர்ட்டிலும் ஒரு காலத்தில் ஜூரி இருந்தது. நான் தொழிலுக்கு வருவதற்கு வெகு முன்பே எடுத்துவிட்டார்கள். அவர்கள் உட்கார்ந்த மரத்தடுப்பு மட்டும் இருக்கிறது. பென்ச் கிளார்க் அதற்குள் பழைய கேஸ் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார். அந்த இடத்தில் மனிதர்களை உட்கார வைத்து நான் பார்த்தது இங்கேதான்.

முதலில் பன்னிரண்டு பேரை உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். நீதிபதி ஒரு பெண்மணி, காபிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்தார். யாராவது திருட்டுக் கொடுத்திருக்கிறீர்களா, போலீஸில் உறவினர் உண்டா, ஜெயிலுக்குப் போன உறவினர் உண்டா என்று அவர் கேட்டு முடித்த பிறகு வக்கீல்கள் எழுந்தார்கள்.

அரசு வக்கீலும் பெண்தான். நாற்பது வயதுக்குள். மேஜையில் ஓர் அட்டையை விரித்து, பன்னிரண்டு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாக மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார். ஒருவர் பேசப் பேசத் தாளில் எழுதுவார். ஆள் போனால் தாளைப் பிய்த்து எறிந்து புதுத் தாள் ஒட்டுவார்.

“உங்கள் கார் பம்பரில் என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். டிவியில் என்ன பார்ப்பீர்கள் என்றார். ஒருவர் மீன் பிடிப்பது பற்றிய நிகழ்ச்சி என்றார், அதையும் எழுதிக்கொண்டார். மீன் பிடிப்பவர் எதிரியை விடுவிப்பாரா தண்டிப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது போலத்தான் பென்சில் ஓடியது.

காரணம் சொல்லி ஆளை நீக்கலாம். நீதிபதி ஒப்புக்கொள்ள வேண்டும். அது தவிர, காரணமே சொல்லாமல் ஒவ்வொரு தரப்பும் பத்துப் பேரை நீக்கலாம். அதை மரியாதையாகச் செய்கிறார்கள். “ஜூரர் எண் நாலுக்கு அரசுத் தரப்பு நன்றி சொல்லி விடை கொடுக்கிறது.” நாலாம் எண் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சிலருக்கு விடுதலை. சிலர் முகம் சுருங்கிப் போகும். தன்னிடம் என்ன குறை கண்டார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மதியத்துக்கு மேல் மல்லியின் முறை வந்தது. ஒன்பதாம் எண் நாற்காலி.

“முக்கிய சாட்சி இந்தியர். நீங்களும் இந்தியாவில் பிறந்தவர். அவர் சொல்வதை மற்றவர்கள் சொல்வதைவிட அதிகமாக நம்புவீர்களா?” என்றார் அரசு வக்கீல்.

“என் கணவரும் இந்தியர்தான். அவர் சொல்வதை எல்லாம் நான் நம்புவதில்லை” என்றாள் மல்லி.

நீதிபதி உட்பட ஹாலே சிரித்தது. அரசு வக்கீலும் சிரித்தார், ஒட்டுத்தாளில் எழுதினார்.

நரைத்த வக்கீல் எழுந்தார். “இப்போதே தீர்ப்புச் சொல்லச் சொன்னால் என்ன சொல்வீர்கள்?” என்று அவர் கேட்டதற்கு அதுவரை எல்லோரும், தெரியாது, இன்னும் எதையும் கேட்கவில்லையே என்றுதான் சொல்லியிருந்தார்கள். மல்லி, “குற்றவாளி இல்லை” என்றாள். “நிரூபிக்க வேண்டியது அவர்கள். இன்னும் ஒன்றும் நிரூபிக்கவில்லையே.” அவரும் எழுதிக்கொண்டார். இரண்டு பேரும் இவள் நம் ஆள் என்று நினைத்தது எனக்குப் பின்வரிசையிலிருந்தே தெரிந்தது.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டபோது மல்லி என்னைக் காட்டினாள். “அவர் என் அக்கா. இந்தியாவில் வக்கீல். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்.”

நீதிபதி கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “அம்மா, இது திறந்த நீதிமன்றம், நீங்கள் உட்காரலாம். ஆனால் உங்கள் தங்கையைத் தேர்ந்தெடுத்தால், இது முடியும் வரை இந்த வழக்கைப் பற்றி நீங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. உறுதி தர முடியுமா?”

எழுந்து நின்றேன். பழக்க தோஷத்தில், “எஸ், யுவர் லார்ட்ஷிப்” என்று சொல்லிவிட்டேன். மறுபடி சிரிப்பு.

மறுநாளும் அதே வேலை. மத்தியானம் வரை எண்ணிக்கொண்டு வந்தேன். அரசு வக்கீல் நன்றி சொல்லி அனுப்பிய ஏழு பேரில் மூன்று பேர் கறுப்பர்கள். ரிட்டயரான பஸ் டிரைவர், சர்ச்சில் பாடும் ஓர் அம்மாள், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். மூன்றாமவர் கதவைத் தாண்டியதும் நரைத்த வக்கீல் எழுந்து, ஆட்சேபம் இருக்கிறது, ஜூரிகளை வெளியே அனுப்புங்கள் என்றார். மல்லியும் மற்றவர்களும் போனார்கள். நான் எழுந்தேன். நீங்கள் ஜூரர் இல்லை, உட்காருங்கள் என்று காவலர் கை காட்டினார்.

நிறத்தைப் பார்த்து ஆளை நீக்குவதைச் சட்டம் தடுக்கிறது. வேறு காரணம் இருந்தால் சரி. அரசு வக்கீல் அட்டையைப் பார்த்துப் படித்தார். டிரைவரின் தம்பி ஜெயிலில் இருந்தவர். அந்த அம்மாள், தீர்ப்புச் சொல்லும் முன் ஜெபம் செய்வேன் என்றார். வாத்தியார், கேள்வி கேட்ட தன் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை என்றார்.

“ஐந்தாம் எண்ணின் மருமகனும் ஜெயிலில் இருந்தவன்தான். அவரை ஏன் வைத்துக்கொண்டீர்கள்?” என்றார் நரைத்த வக்கீல். ஐந்தாம் எண் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். கழுத்து தடித்து, தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்.

“அவருக்கு அந்த மருமகனோடு பேச்சுவார்த்தை இல்லை என்று சொன்னார்” என்று பதில் வந்தது.

நீதிபதி காபிக் கோப்பையை நகர்த்தி வைத்தார். சொன்ன காரணங்கள் நிறத்தைச் சார்ந்தவை அல்ல என்று ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டார். எதிரி மஞ்சள் தாளில் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

நரைத்த வக்கீல் தன் பங்குக்கு, கடை வைத்திருப்பவர்கள், திருட்டுக் கொடுத்தவர்கள், போலீஸ்காரரின் மனைவி என்று அனுப்பிக்கொண்டே வந்தார். ராணுவக்காரரையும் அனுப்பத்தான் ஆசைப்பட்டார். அதற்குள் பத்தும் தீர்ந்துவிட்டது. மாலை நாலு மணிக்குப் பன்னிரண்டு பேர் நின்று உறுதிமொழி எடுத்தார்கள். மல்லி அதில் ஒருத்தி. கறுப்பர் ஒரே ஒருவர், இரண்டாம் எண், ஐம்பது வயது நர்ஸ்.

அந்த வக்கீல்களைப் பார்த்து முகம் சுளிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. எங்கள் ஊரில் நாங்கள் ஜூரர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. நீதிபதியைத் தேர்ந்தெடுக்கிறோம். இந்த ஐயா கண்டிப்பானவர், ஆகஸ்டில் மாற்றலாகிப் போகிறார் என்று தெரிந்தால் ஆகஸ்ட் வரை வாய்தா வாங்குவோம். நானே வாங்கியிருக்கிறேன். புதிதாக வருபவர் எந்த ஊர், என்ன ஆள், பெஞ்சில் ஏறும் முன் கும்பிடுபவரா என்றெல்லாம் விசாரித்து வைத்துக்கொள்வோம். ஒட்டுத்தாள்தான் கிடையாது.

ரயிலில் திரும்பும்போது மல்லி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். இரண்டு நாளாகப் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. பிளசன்டன் குன்றுகள் பச்சை போய் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. “மழை இல்லன்னா இப்படித்தான்” என்றாள். “சரி” என்றேன். கூடப் பிறந்தவளோடு வானிலை பேசிக்கொண்டு வந்தது அதுதான் முதல் தடவை.

விசாரணை திங்கட்கிழமை தொடங்கியது. ஜூரிகள் உள்ளே வரும்போது இரு தரப்பு வக்கீல்களும் எதிரியும் எழுந்து நின்றார்கள். பரிசோதனைக்கூடத்தில் குழாய் கழுவும் என் தங்கைக்கு அத்தனை பேர் எழுந்து நிற்கிறார்கள் என்று பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். தலைப்பாகைக்குக் கீழே நெற்றியோரம் தையல் தழும்பு தெரிந்தது. சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து எதிரியைக் காட்டி, “இவர்தான். அந்தக் கண்ணை நான் மறக்க மாட்டேன்” என்றார். குரல் நடுங்கவில்லை. பொய்ச் சாட்சியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் பொய் சொல்லவில்லை.

குறுக்கு விசாரணை மெதுவாக நடந்தது. முதல் தள்ளலிலேயே மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது என்று வந்தது. கடைக் கதவின் சட்டத்தில், திருடிவிட்டு ஓடுபவனின் உயரம் தெரிவதற்காக, அளவுக்கோடு ஒட்டியிருக்கிறது; அதன் போட்டோவையும் ஜூரிகளுக்குக் காட்டினார்கள். ஓடியவனின் தலை ஆறடிக் கோட்டைத் தொட்டதாக அன்றைக்கே போலீஸில் அவர் சொல்லியிருந்தார். எதிரியை எழுந்து நிற்கச் சொன்னார் வக்கீல். ஷூவோடு சேர்த்தே ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு மேல் இருக்காது.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு கூத்து நடந்தது. மல்லி சீக்கிரம் போக வேண்டியிருந்ததால், திவ்யாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தனியாக ரயில் ஏறினேன். யோசனையில் என் ஸ்டேஷனை விட்டுவிட்டேன். வண்டி கடலுக்கு அடியில் புகுந்து, காது அடைத்து, சான் பிரான்சிஸ்கோவில் போய் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலிப்பைன்ஸ்காரப் பெண் என் முழியைப் பார்த்து விசாரித்து, எதிர்ப் பக்க பிளாட்பாரம் வரை கூடவே வந்தார். ஏதோ ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறாராம். கோர்ட்டுக்குப் போகிறேன் என்றதும் சிரித்தார். “ஜூரிக்கு என்னை நாலு தடவை கூப்பிட்டார்கள். நாலு தடவையும் நன்றி சொன்னார்கள். என் இரண்டு பிள்ளைகளும் போலீஸ். என் பிள்ளைகள் சொல்வதை நான் நம்பிவிடுவேன் என்று அந்த வக்கீல்களுக்குப் பயம். பிள்ளை பெற்றவர்கள் யாரும் அங்கே இல்லை போலிருக்கிறது.”

நான் ஹாலுக்குள் நுழைந்தபோது ஜூரிகள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். மல்லி என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்தாள். கதவு சாத்தியதும் அரசு வக்கீல் எழுந்தார். எதிரி நாலு வருஷத்துக்கு முன் வேறு ஊரில் ஒரு கடையில் இதே மாதிரி கல்லாவைப் பறித்துத் தண்டனை அனுபவித்தவர், அதை ஜூரியிடம் சொல்ல அனுமதி வேண்டும் என்றார்.

அரை மணி நேரம் வாதம் நடந்தது. முன்னே செய்தான் என்பதற்காக இப்போதும் செய்தான் என்று ஜூரி முடிவு கட்டிவிடும், அனுமதி இல்லை என்றார் நீதிபதி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எதிரி தரப்பில் நான் நின்றிருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் ஜூரிகள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது மல்லியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்று, தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவளுக்குத் தெரியாது.

எதிரி தரப்பில் அவருடைய அத்தை வந்தார். அந்த நேரத்தில் தன் துணி துவைக்கும் கடையில் மெஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான் என்றார். நேரத்தை உறுதியாகச் சொல்ல அவரால் முடியவில்லை. புதன்கிழமை வாதம் முடிந்து, வியாழக்கிழமை பன்னிரண்டு பேரையும் ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

வியாழன் போனது. வெள்ளியும் போனது. நான் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வெளியே ஒரு மெக்சிகோக்காரர் வேனில் வைத்து, ரொட்டிக்குள் பீன்ஸும் சோறும் சுருட்டிக் கொடுப்பார். சோற்றை ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடும் ஜாதியும் உலகத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கடைக்காரரும் இரண்டு நாளும் வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவருக்கும் பேசிக்கொள்ள ஒன்றும் இல்லை. நான் யாருடைய அக்கா என்று அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை மதியம் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மல்லி வெங்காயம் நறுக்க வந்தாள். மூன்று நாளில் மெலிந்த மாதிரி இருந்தது.

“அக்கா, ஜெனரலா ஒண்ணு கேக்கட்டுமா?”

“வேணாம்.”

“கேஸ் பத்தி இல்லக்கா. ஒரு ஆள் முழு நம்பிக்கையோட சொல்றாரு, ஆனா அளவு பொருந்தல. உங்க ஊர்ல ஜட்ஜ் என்ன பண்ணுவாரு?”

“மல்லி, வேணாம்னேன்.”

கத்தியைக் கீழே வைத்தாள். “செவ்வாய்க்கிழமை எங்கள வெளிய அனுப்பிச்சாங்களே, நீ உள்ளதான் இருந்த. நான் திரும்பி வந்தப்போ நீ தலைய குனிஞ்சுட்டே. நாப்பது வருஷமா உன் மூஞ்சிய பாக்கறேன், எனக்குத் தெரியாதா?”

மாவு கையோடு நின்றேன். சொல்லிவிட்டால் அவளுக்கு நிம்மதி. திங்கட்கிழமை பத்து மணிக்குள் குற்றவாளி என்று தீர்ப்பு வந்துவிடும். அந்தக் கடைக்காரரும் அதற்காகத்தான் காத்திருக்கிறார். சொல்லும்படி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, சொன்னால் ஒருவருக்கும் தெரியவும் போவதில்லை.

“உப்பு போட்டேனா பாரு” என்றேன்.

நறுக்கிய வெங்காயத்தை என் பக்கம் தள்ளிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். திவ்யா டிவியிலிருந்து தலையைத் திருப்பி, “நீங்கள் ரெண்டு பேரும் சண்டையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். “இல்லடா, வெங்காயம்” என்றேன். அவள் நம்பவில்லை. அன்று இரவு ரவி போன் செய்தபோதும் மல்லி இரண்டு நிமிஷத்தில் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை மூன்று மணிக்குத் தீர்ப்பு. எல்லோரும் எழுந்து நின்றார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட எதிரியின் பக்கம் பார்க்காமல் வந்ததால் தண்டனைதான் என்று நினைத்தேன். கிளார்க் படித்தார். குற்றவாளி இல்லை. இளைஞர் இரண்டு கைகளாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அத்தை சத்தம் போட்டு அழுதார். கடைக்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார். நீதிபதி ஜூரிகளுக்கு நன்றி சொல்லி, இனி யாரோடு வேண்டுமானாலும் நீங்கள் பேசலாம் என்றார்.

தாழ்வாரத்தில் வக்கீல்கள் ஜூரிகளிடம் பேசக் காத்திருந்தார்கள். அது அங்கே வழக்கமாம். அரசு வக்கீல் மல்லியிடம் வந்தார். கோபம் இல்லை. “உங்களை என் பக்கம் என்று நினைத்து வைத்துக்கொண்டேன். எதைக் கவனிக்கத் தவறினேன்?”

மல்லி யோசித்தாள். “அவர் சொல்வதை நான் நம்புவேனா என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். நம்ப ஆசைப்படுவேனா என்று கேட்டிருக்க வேண்டும். ரொம்ப ஆசைப்பட்டேன். அதனால்தான் இரண்டு மடங்கு சரி பார்த்தேன்.”

உள்ளே நடந்ததை ரயில் நிலையத்துக்கு நடந்தபடியே எனக்குச் சொன்னாள். பன்னிரண்டு பேரும் ஒத்துச் சொன்னால்தான் தீர்ப்பு. முதல் ஓட்டில் எட்டுப் பேர் குற்றவாளி என்றிருக்கிறார்கள். குற்றவாளி இல்லை என்று முதலில் கை தூக்கியவர் அந்த ராணுவக்காரர். ஒரு தடவை இருட்டில் பார்த்த ஆளைச் சத்தியம் செய்து அடையாளம் காட்டினாராம், அது வேறு ஆள் என்று பிறகு தெரிந்ததாம். கடைசி வரை குற்றவாளி என்று நின்றவர் அந்த நர்ஸ்.

“நீங்க எல்லாம் சாயங்காலம் மலைக்கு அந்தப் பக்கம் போயிடுவீங்க, அந்தத் தெருவுல நடக்கறவ நான்தான்னு சொன்னாங்கக்கா. கதவு போட்டோவ திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கி, நான் ஸ்கேல் வச்சு அளந்தேன். கோடு சரியாத்தான் ஒட்டியிருக்கு, நாலு அங்குலம் இடிக்குது. இன்னிக்குக் காலைல அவங்க சரின்னாங்க. நாம எடுத்த முடிவு சரியா இருக்கணும்னு அழுதாங்க.”

தன் ஆட்கள் என்று அரசு வக்கீல் வைத்துக்கொண்டவர்கள்தான் அவரைத் தோற்கடித்தார்கள். நரைத்த வக்கீல் அனுப்பத் துடித்தவர்தான் அவருக்காக முதலில் கை தூக்கினார். அந்த வக்கீல் எந்த நிறத்துக்காகப் போராடினாரோ அந்த நிறம் கடைசி வரை அவருக்கு எதிராக நின்றது. இரண்டு நாள் ஒட்டுத்தாள் வேலையில் உருப்படியாக நடந்தது, மூன்று பேரை அவமானப்படுத்தி அனுப்பியது மட்டும்தான். தீர்ப்பு சரிதானா என்றால், சட்டப்படி சரி. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

கோர்ட் படிக்கட்டு முடியும் இடத்தில் ஒரு தடவை நிற்க வேண்டியிருந்ததை முன்னமே சொல்லியிருக்க வேண்டும். கடைக்காரர் அங்கே நின்றிருந்தார். மல்லியைப் பார்த்ததும் கை கூப்பினார். அவளும் கூப்பினாள்.

“மகளே, நான் பொய் சொல்லவில்லை” என்றார் ஆங்கிலத்தில்.

“தெரியும். பொய் சொன்னீர்கள் என்று யாரும் நினைக்கவில்லை.”

“அப்படியென்றால் ஏன்?”

கதவுக் கோட்டையும் கண்ணாடியையும் நாலு அங்குலத்தையும் அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, “வீட்டுக்குப் பத்திரமாகப் போ” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ரயிலில் இடம் கிடைத்தது. நாலைந்து ஸ்டேஷன் போன பிறகு மல்லி என் பக்கம் திரும்பினாள்.

“இப்ப கேக்கலாம்ல? அன்னிக்கு எங்கள வெளிய அனுப்பிட்டு என்ன பேசினாங்க?”

சொன்னேன். நாலு வருஷத்துக்கு முன், வேறு ஊர், இதே மாதிரி கடை, தண்டனை அனுபவித்தது, எல்லாவற்றையும். நீதிபதி ஏன் மறுத்தார் என்பதையும் சொன்னேன்.

மல்லி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் குன்றுகளுக்கு நடுவே, ஃப்ரீவேயை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது.

“நல்ல வேளை, நீ சொல்லல” என்றாள். “சொல்லியிருந்தா அளந்தே பாத்திருக்க மாட்டேன்.”

பிறகு, திரும்பாமலே, “ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?” என்றாள்.

இருபத்திரண்டு வருஷமாக எதிரிகளுக்காக வாதம் வைத்திருக்கிறேன். குற்றவாளி என்றோ இல்லை என்றோ மற்றவர்கள் வாயால் வாங்கியிருக்கிறேனே தவிர, ஒரு தடவைகூட நான் சொல்ல நேர்ந்ததில்லை. அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் தீர்ப்பு என்னுடையதாகியிருக்கும். சொல்ல நேர்ந்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டப்ளின்-பிளசன்டன் கடைசி ஸ்டேஷன். எல்லோரும் இறங்கிப் போகும் வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம்.